அடுத்த புக்கை எடுக்குறதுக்கு முன்னாடி, போன புக்கை முடிக்காதவங்ககிட்ட பேசுங்க

சேலத்துல நாங்க ஒம்பது பேரு மாசத்துக்கு ஒரு புக்குன்னு சேர்ந்து படிச்சிட்டு வர்றோம். அஸ்தம்பட்டி பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடில மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடுவோம், பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆன சார் ஒருத்தர், செவ்வாய்ப்பேட்டையில கொலுசு பட்டறை வச்சிருக்குற அண்ணன், நர்ஸ் அக்கா, ரெண்டு டீச்சருங்க, காலேஜ் படிக்கிற தம்பிங்க ரெண்டு பேரு, ஏற்காட்டுல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி பஸ்ஸுல வர்ற ஒரு அக்கா, அப்புறம் நான். அடுத்த புக்கு எதுன்னு முடிவு பண்ற பொறுப்பு கொஞ்ச நாளா என்கிட்ட இருக்கு, அதுல நாங்க பட்டது கத்துக்கிட்டது எல்லாத்தையும் எழுதிடறேன், நீங்களும் இப்படி ஒரு குரூப்பு வச்சிருந்தாலோ ஆரம்பிக்கலாம்னு நினைச்சிட்டு இருந்தாலோ உதவும்.

ரெண்டு வருஷம் முன்னாடி வாட்ஸப்புல ஓட்டு போட்டு ஒரு நாவல் எடுத்தோம், 700 பக்கத்துக்கு மேல, பேரு வேணாம், நல்ல நாவல்தான். கூட்டத்துக்கு வந்தது நாலு பேரு. அடுத்த மாசமும் அதே நாலு பேரு. சார் சொன்னாரு, ஆர்வம் இல்லாதவங்க போகட்டும் விடுங்கன்னு. எனக்கு மனசு கேக்கல, வராத அஞ்சு பேருக்கும் தனித்தனியா போன் பண்ணேன், அன்னைக்கு தெரிஞ்சதுதான் இந்த விஷயத்துல எனக்கு தெரிஞ்ச எல்லாத்துக்கும் அடிப்படை.

அஞ்சு பேரும் அஞ்சு காரணம் சொன்னாங்க. கொலுசு அண்ணனுக்கு எழுத்து பொடிசா இருந்துச்சு. நர்ஸ் அக்காவுக்கு அந்த மாசம் பூரா நைட் டூட்டி. ஏற்காட்டு அக்காவுக்கு காபி பழம் பறிக்குற சீசன், எஸ்டேட்ல ஞாயித்துக்கிழமையும் வேலை. தம்பிங்கள்ல ஒருத்தனுக்கு புக்கு விலை 650 ரூபா, வீட்ல கேக்க முடியல, எங்ககிட்ட சொல்லவும் கூச்சம். டீச்சர் ஒருத்தங்க 40 பக்கம் படிச்சிட்டு, அதுல வர்ற சாவு வீட்டு அத்தியாயம் தாங்க முடியாம மூடி வச்சிட்டாங்க, அவங்க அம்மா தவறி அப்ப மூணு மாசம்தான் ஆயிருந்துச்சு. நாவல் நல்லா இல்லன்னு ஒருத்தர் கூட சொல்லலைங்க. நாங்க அந்த அஞ்சு பேரையும் மனசுல வச்சுக்காம புக்கு எடுத்திருக்கோம், அவ்வளவுதான் நடந்தது.

அதனால நான் சொல்ற மொத வேலை, லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி, ஓட்டுக்கு முன்னாடி, போன தடவை முடிக்காதவங்களுக்கு போன் பண்ணுங்க. குரூப்புல எல்லார் முன்னாடியும் கேக்காதீங்க. "ஏன் முடிக்கல"ன்னும் கேக்காதீங்க, அது வீட்டுப்பாடம் எழுதலையான்னு வாத்தியார் கேக்குற மாதிரி இருக்கும், பதிலுக்கு "டைம் இல்லீங்க"ன்னு ஒண்ணுதான் வரும். "எந்தப் பக்கத்துல நிறுத்துனீங்க"ன்னு கேளுங்க. அந்தப் பக்க நம்பர் நிறைய சொல்லும். 10, 15 பக்கத்துல நிறுத்திட்டாங்கன்னா பெரும்பாலும் மொழி பிடிபடல, இல்ல எழுத்து சின்னது. 100, 150ல நிக்குதுன்னா புக்கு பிடிச்சிருக்கு, நேரம் பத்தல. நடுவுல ஒரு குறிப்பிட்ட இடத்துல டப்புன்னு நிக்குதுன்னா அங்க ஏதோ குத்தியிருக்கு, அதை அவங்களா சொன்னா கேட்டுக்கங்க, நோண்ட வேணாம். வாங்கவே இல்லன்னா காசு, இல்ல கடையில கிடைக்கல. இந்த ஒரு கேள்வியில அடுத்த புக்கு எப்படி இருக்கணும்னு பாதி தெரிஞ்சிடும்.

அடுத்து பக்கக் கணக்கு. இதை எல்லாரும் ஒரு குத்துமதிப்பா விட்டுடறாங்க, நாங்களும் அப்படித்தான் இருந்தோம். உங்க குரூப்புலயே மெதுவா படிக்கிறவங்க யாருன்னு பாத்து, அவங்களுக்கு ஒரு நாள்ல எவ்வளவு முடியும்னு கணக்கு போடுங்க. எங்க அண்ணனுக்கு 10 பக்கம் படிக்க 25 நிமிஷம் ஆகுது, பட்டறை மூடி சாப்பிட்டு முடிச்சு அவருக்கு கிடைக்கிறது ராத்திரி அரை மணி நேரம், அப்ப ஒரு நாளைக்கு 12 பக்கம். நாலு வாரத்துக்கு 28 நாள், அதுல கல்யாணம், காது குத்து, உடம்பு சரியில்லாததுன்னு 8 நாள் கழிச்சிடுங்க, மிச்சம் 20 நாள். 12 பெருக்கல் 20, 240 பக்கம். இதான் எங்க மாசத்து அளவு. வேகமா படிக்கிறவங்களுக்கு இது கம்மி, ஆனா அவங்க எப்படியும் தனியா வேற ரெண்டு படிச்சிடுவாங்க, அவங்களுக்காக கவலைப்பட வேண்டியதில்ல. 240ஐ தாண்டுற புக்குன்னா ரெண்டு மாசம்னு முன்னாடியே சொல்லிடுவோம், நடுவுல ஒரு கூட்டம் பாதி புக்குக்கு.

பெரிய புக்கே வேணாம்னு சொல்ல வரல. பொன்னியின் செல்வன் அஞ்சு பாகம், அதை மொத்தமா தூக்கி ஒரு மாசத்துல வச்சா யாரா இருந்தாலும் முங்கிடுவாங்க, ஆனா அது 1950ல இருந்து கல்கி பத்திரிகையில வாரா வாரம் வந்த தொடர்கதை, வாரா வாரம் காத்திருந்து படிக்கத்தான் எழுதினது, அந்த மாதிரி புக்கை பாகம் பாகமா வருஷம் பூரா சைடுல ஓட விடலாம். இன்னொரு பக்கம் சி.சு. செல்லப்பாவோட வாடிவாசல், 100 பக்கம் கூட வராது, ஒரு நாள் ஜல்லிக்கட்டு, அவ்வளவுதான் கதை, அதை வச்சு எங்க மாடில ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் பேசிட்டு இருந்தோம். பக்கத்துக்கும் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லன்னு அன்னைக்கு புரிஞ்சுது.

எழுத்து சைஸ் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா புக்கு தேர்ந்தெடுக்குறதை பத்தி பேசுற யாரும் இதை பேசறதில்ல. கொலுசு அண்ணன் வேலை என்னன்னா, பொட்டு பொட்டா இருக்குற வெள்ளி வளையத்தை தீய வச்சு ஒண்ணோட ஒண்ணு பத்த வைக்கிறது, காலையில இருந்து ராத்திரி வரை கண்ணு அந்த நெருப்பு முனையிலயே இருக்கும். அதுக்கப்புறம்தான் புக்கை எடுக்கறாரு. நான் போன் பண்ணி அவரைப் பார்க்க பட்டறைக்கு போனப்ப ரெண்டு பதிப்பை எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுனாரு, ரெண்டும் ஒரே புக்கு. கட்டை விரலை எடுத்து பக்கத்து மேல அழுத்தி, "பாருங்க தம்பி, இதுல என் நகம் மூணு வரியை மறைக்குது, இதுல ரெண்டு வரியைத்தான் மறைக்குது, ரெண்டு வரி மறைஞ்சா நான் படிச்சிடுவேன், மூணு வரி மறைஞ்சா எழுத்து எறும்பு மாதிரி ஊருது"ன்னாரு. வெள்ளித் தூள் ஒட்டியிருந்த அந்த விரல் தடம் அந்தப் பக்கத்துல சாம்பல் நிறத்துல பதிஞ்சு இருந்துச்சு. அதுல இருந்து கடையில புக்கை எடுத்தா நான் மொதல்ல வைக்கிறது கட்டை விரல்தான். ரெண்டு வரின்னா எங்க குரூப்புக்கு ஓகே. ஒரே புக்கு ரெண்டு மூணு பதிப்புல கிடைச்சா, அம்பது ரூபா அதிகமா இருந்தாலும் பெரிய எழுத்துல இருக்குறதையே சொல்லிடறேன். அது முடியாதப்ப மின்புத்தகமா கிடைக்குதான்னு பாக்கணும், போன்லயோ டேப்லயோ எழுத்தை பெருசாக்கிக்கலாம்.

சீசன் பாருங்க. இது ஊருக்கு ஊரு மாறும், சேலத்துக்கு நான் சொல்றேன். ஆடி மாசம் இங்க யாரும் நாவல் படிக்க மாட்டாங்க, கோட்டை மாரியம்மன் கோயில்ல ஆரம்பிச்சு தெருவுக்கு தெரு மாரியம்மன் பண்டிகை, பூச்சாட்டு, பொங்கல், உருளுதண்டம், குகையில வண்டி வேடிக்கை, வீடு நிறைய சொந்தக்காரங்க. அந்த மாசம் நாங்க சிறுகதை மட்டும்தான், மூணே மூணு கதை. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் மலையில காபி பழம் பறிப்பு, அப்ப சின்ன புக்கு. பிப்ரவரி மார்ச் பப்ளிக் எக்ஸாம், டீச்சருங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஏப்ரல் மே லீவுல பெருசா ஒண்ணு எடுக்கலாம், ஆனா மே மாசம் ஏற்காட்டுல கூட்டம் போடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, கோடை விழா, மலர்க் கண்காட்சின்னு அடிவாரத்துலயே வண்டி வரிசை கட்டி நிக்கும். நாங்க வருஷத்துக்கு ஒரு தடவை மேல போறது கோடை மழை ஒண்ணு பெஞ்சு காபி பூத்திருக்குற சமயம் பாத்து, தோட்டம் பூரா மல்லிகை மாதிரி வெள்ளையா இருக்கும், வாசம் ரோட்டு வரைக்கும் வரும்.

ஆடில எடுத்த சிறுகதைன்னதும் ஒண்ணு சொல்லணும். புதுமைப்பித்தனோட செல்லம்மாள் கதை படிச்சோம், சாகக் கிடக்குற பொண்டாட்டியை பிரமநாயகம் பிள்ளை பாத்துக்கிற கதை. நர்ஸ் அக்கா அது வரைக்கும் கூட்டத்துல வந்து உக்காந்துட்டு எல்லார் பேசுறதையும் கேட்டுட்டு போறவங்க. அன்னைக்கு அவங்கதான் ஆரம்பிச்சாங்க, வார்டுல பொண்டாட்டிக்கு துணைக்கு இருக்குற புருஷனுங்க எப்படி இருப்பாங்க, யாரு தலை துவட்டி விடுவாங்க, யாரு வெளியில போய் நின்னுக்குவாங்கன்னு ஒரு மணி நேரம் பேசுனாங்க, நாங்க எட்டு பேரும் வாயை மூடிட்டு கேட்டோம். பத்து பதினஞ்சு பக்கக் கதை, காசும் செலவில்ல, புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமை ஆனது, ப்ராஜெக்ட் மதுரை தளத்துல இலவசமாவே இருக்கு. காசு பிரச்சனை இருக்குற குரூப்புக்கு இந்த நாட்டுடைமை லிஸ்ட் பெரிய வரம், அதுல கல்கியும் உண்டு.

ஆனா நாட்டுடைமை புக்குல ஒரு சிக்கல், யாரு வேணா அச்சடிக்கலாம்ங்கிறதால பத்து பதிப்பகம் பத்து விதமா போட்டிருக்கும், ஒருத்தர் "112ம் பக்கம் பாருங்க"ம்பாரு, இன்னொருத்தருக்கு அது 87ல இருக்கும், தேடி முடிக்கிறதுக்குள்ள பேச்சு செத்துடும். அத்தியாய நம்பரை வச்சு பேசுங்க. அத்தியாயமே பிரிக்காத புக்குன்னா எல்லாரும் ஒரே பதிப்பு வாங்குறதுதான் வழி.

கிடைக்குதான்னு ஓட்டுக்கு முன்னாடியே பாத்துடணும், இதுல நாங்க ரெண்டு தடவை மாட்டிக்கிட்டோம். தமிழ்ல நல்ல புக்கு நிறைய ஒரு தடவைக்கு சில நூறு காப்பிதான் அச்சாகுது, தீந்துட்டா மறுபதிப்பு எப்ப வரும்னு சொல்ல முடியாது. பழைய மொழிபெயர்ப்பு நாவல்ல பலது இந்த நிலைமையிலதான் இருக்கு. ஓட்டு போட்டு ஜெயிச்ச புக்கு கடையில இல்லன்னா அந்த மாசமே வீணாப் போயிடும். அதனால ஓட்டுக்கு வர்ற ஒவ்வொரு புக்குக்கும் கடைக்கோ பதிப்பகத்துக்கோ ஒரு போன் போட்டு, ஒம்பது காப்பி இருக்கா, எத்தனை நாள்ல வரும்னு கேட்டுட்டுதான் லிஸ்ட்ல சேக்கறேன். மொத்தமா வாங்கினா பத்து சதவீதம் கழிவு கேட்டா குடுப்பாங்க, கூரியர் செலவும் ஒண்ணா போயிடும். மாவட்ட மைய நூலகத்துல ஒரு காப்பி இருந்தா அதை யாருக்கு காசு கஷ்டமோ அவங்களுக்கு எடுத்துக் குடுத்துடறோம், யாருக்குன்னு குரூப்புல சொல்றதில்ல. வருஷக் கடைசில நம்ம ஊர் புத்தகத் திருவிழா வரும்போது அடுத்த ஆறு மாசத்துக்கு யோசிச்சு வச்சிட்டு போனா ஒரே நடையில முடிஞ்சிடும்.

இப்ப லிஸ்ட் போடுறது. ஒம்பது பேரும் ஆளுக்கு ஒண்ணு சொன்னா ஒம்பது புக்கு, தலை சுத்தும். மாசத்துக்கு மூணு பேருதான் சொல்லணும், முறை வச்சு, அப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் வாய்ப்பு வந்துடும். சொல்றவங்க அந்த புக்குல 30 பக்கமாவது படிச்சிருக்கணும், விருது வாங்கிச்சு, யூட்யூப்ல ஒருத்தர் சொன்னாரு, இதெல்லாம் போதாது. சொல்லும்போது கதையைச் சொல்லக் கூடாது, "இதைப் படிச்சா நம்ம எதைப் பத்தி சண்டை போடுவோம்"னு ஒரே ஒரு கேள்விக்கு பதில் சொல்லணும். பதில் வரலன்னா அது தனியா படிக்க நல்ல புக்கா இருக்கும், சேர்ந்து படிக்க வேற பாக்கலாம்.

உதாரணத்துக்கு, ஆர். சண்முகசுந்தரத்தோட நாகம்மாள், 1942ல வந்தது, நம்ம கொங்குப் பக்கத்துக் கதை. புருஷன் இல்லாத பொம்பளை, கொழுந்தன்கிட்ட நிலத்துல என் பங்கை பிரிச்சுக் குடுன்னு நிக்கிறா. இதை படிச்சிட்டு யாராவது சும்மா இருக்க முடியுமா? எங்க மாடில சார் ஒரு பக்கம், ரெண்டு டீச்சரும் ஒரு பக்கம், குடும்பம் பிரியக் கூடாதுன்னு அவரு, அவ கேட்டதுல என்ன தப்புன்னு இவங்க, கடைசில ஒவ்வொருத்தர் வீட்டு சொத்து பாகப்பிரிவினையும் வெளிய வந்துச்சு. அதே மாதிரி அசோகமித்திரனோட தண்ணீர், சென்னையில தண்ணி பஞ்சத்துல ஒரு தெருவுல இருக்குற ஜமுனாவோட கதை, சின்ன நாவல். மேட்டூர் தண்ணி இன்னைக்கு வருமா நாளைக்கு வருமான்னு குடத்தோட நின்ன ஊருக்கு அது பத்தி பேச யாரும் சொல்லித் தரணுமா என்ன.

அதுக்காக அவங்கவங்க ஊரு, அவங்கவங்க தொழில் பத்தின புக்குன்னாதான் பிடிக்கும்னு நினைச்சிடாதீங்க, இதுல நாங்க நல்லா ஒரு பாடம் கத்துக்கிட்டோம். ஏற்காட்டு அக்கா எஸ்டேட்ல வேலை செய்யறவங்க. அவங்களுக்கு பிடிக்கும்னு சார் ஆசையா எரியும் பனிக்காடு கொண்டு வந்தாரு, பி.எச். டேனியல்னு எஸ்டேட்ல டாக்டரா இருந்தவர் ஆங்கிலத்துல எழுதினது, 1969ல வந்துச்சு, வால்பாறை பக்கம் தேயிலைத் தோட்டத்துல ஜனங்க பட்ட பாடு, இரா. முருகவேள் தமிழ்ல கொண்டு வந்தாரு. முக்கியமான புக்கு. அக்கா கையில வாங்கி அட்டையைப் பாத்துட்டு திருப்பிக் குடுத்தாங்க. "சார், காலையில அஞ்சரை மணிக்கு எந்திரிச்சு நான் தோட்டத்தைத்தான் பாக்குறேன், சாயங்காலமும் அதைத்தான் பாக்குறேன், எனக்கு கடல் இருக்குற புக்கா குடுங்க, நான் கடலை ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன்"னாங்க. சாருக்கு பேச்சே வரல. அந்த மாசம் தகழியோட செம்மீன் எடுத்தோம், சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பு. அக்காதான் மொத ஆளா முடிச்சாங்க. எட்டு மாசம் கழிச்சு அவங்க முறை வந்தப்ப எரியும் பனிக்காடை அவங்களேதான் லிஸ்ட்ல சொன்னாங்க, அப்ப அது அவங்க எடுத்த புக்கு. ஒருத்தருக்காக புக்கு எடுக்குறோம்னா அவங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க.

லிஸ்ட்ல மூணு புக்கு வந்துடுச்சா, ஓட்டுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க, ஒவ்வொண்ணுலயும் மொத ரெண்டு பக்கத்தை சத்தமா படிங்க. ஒரு புக்குக்கு அஞ்சு நிமிஷம், மொத்தமே கால் மணி நேரம். யாரு எப்ப நிமிர்ந்து உக்காருறாங்கன்னு பாருங்க. மொழிபெயர்ப்பு நல்லா இருக்கா, இல்ல கல்லும் மண்ணுமா இருக்கான்னு காதுக்கு உடனே தெரிஞ்சிடும், கண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியாது. வட்டார வழக்குல இருக்குற நாவலுக்கும் இதுதான் மருந்து, கரிசல் பேச்சோ நாஞ்சில் நாட்டுப் பேச்சோ தாள்ல பாத்தா மிரட்டும், வாய் விட்டு படிச்சா பாதி தானா புரியும். மிச்சத்துக்கு அகராதி இருக்கு, கி. ராஜநாராயணன் கரிசல் சொல்லுக்கு போட்டிருக்காரு, பெருமாள்முருகன் கொங்கு சொல்லுக்கு போட்டிருக்காரு, ஒண்ணு வாங்கி குரூப்புக்கு பொதுவா வச்சுக்கலாம்.

ஓட்டு எப்படி போடணும்ங்கிறது நிறைய பேரு யோசிக்காத விஷயம். ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு வச்சா, முன்ன நாலு புக்கு போடுவோம், மூணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டுன்னு பிரியும், மூணு வாங்கினது ஜெயிச்சிடும், ஆனா ஆறு பேரு அதைக் கேக்கவே இல்ல பாருங்க. அந்த 700 பக்க நாவல் அப்படித்தான் வந்துச்சு. இப்ப நாங்க, "இதுல எதெல்லாம் வந்தா நீங்க கண்டிப்பா படிப்பீங்க, அத்தனைக்கும் டிக் போடுங்க"ன்னு வைக்கிறோம், ஒருத்தர் மூணுக்குமே போடலாம். வாட்ஸப் போல்லயே பல பதில் குடுக்க விடலாம். ஒம்பதுல எட்டு பேரு படிக்க ரெடின்னு ஒரு புக்கு எப்பவும் வந்துடுது, அது யாரோட மொத ஆசையாவும் இருக்காது சில சமயம், பரவால்ல, எட்டு பேரு படிச்சிட்டு வருவாங்க. சமமா வந்தா பக்கம் கம்மியா இருக்குறது.

அதோட ஒரு தடை ஓட்டும் இருக்கு. யாரா இருந்தாலும் என்கிட்ட தனியா "இது இப்ப வேணாங்க"ன்னு சொல்லலாம், காரணம் கேக்க மாட்டேன், அந்த புக்கு அந்த மாசம் லிஸ்ட்லயே வராது. டீச்சரோட அம்மா விஷயத்துக்கு அப்புறம் வச்சது இது. ரெண்டு வருஷத்துல மூணு தடவைதான் யாரோ பயன்படுத்தியிருக்காங்க.

ஜாதி பத்தி வர்ற புக்கு எடுக்கும்போது கவனமா இருங்க, எடுக்காம இருக்காதீங்க. தமிழ்ல நல்ல நாவல்ல பாதியில ஜாதி இருக்கும், அது இல்லாத மாதிரி படிக்க முடியாது. பாமாவோட கருக்கு 1992ல வந்தது, அதை எடுத்தப்ப நாங்க முன்னாடியே ஒண்ணு பேசி வச்சோம், அந்த வலியை பட்டவங்க நம்ம கூட்டத்துல இருந்தா அவங்களைப் பாத்து "நீங்க சொல்லுங்க, உங்களுக்கு எப்படி இருந்துச்சு"ன்னு யாரும் கேக்கக் கூடாது. அவங்களா சொன்னா கேக்கலாம். புக்கு அவங்களை சாட்சி சொல்ல வைக்கிறதுக்கு இல்ல. திருச்செங்கோடு இங்கிருந்து ஒரு மணி நேரம்தான், பெருமாள்முருகனோட மாதொருபாகன் நாவலை எதிர்த்து 2014, 15ல போராட்டம் நடந்து, அவரு எழுதுறதையே நிறுத்திடறேன்னு சொன்னது இங்க எல்லாருக்கும் தெரியும், 2016 ஜூலையில ஐகோர்ட்டு எழுத்தாளர் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. அப்படி ஒரு புக்கு எடுத்தா ஒரே விதி, முழுசா படிச்சவங்க மொதல்ல பேசணும்.

படமா வந்த கதை எடுக்கலாமா? எடுக்கலாம். பூமணியோட வெக்கை 1982ல வந்துச்சு, 2019ல அசுரன். பாத்துட்டேனே எதுக்கு படிக்கணும்னு தம்பிங்க மொதல்ல மூஞ்சிய சுளிச்சாங்க, புக்குல அந்தப் பையனும் அப்பாவும் காட்டுல சுத்துற அந்த சில நாள், அவங்க ஆக்கித் திங்கிறது, பேசிக்கிறது, அதெல்லாம் வேற மாதிரி இருக்கவும் எதுக்கு மாத்துனாங்கன்னு அவனுங்களே ஆரம்பிச்சு விட்டானுங்க. புதுசா சேந்தவங்களுக்கு இந்த மாதிரி ஒண்ணு குடுத்தா கை பிடிச்சு கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்.

வருஷத்துக்கு ரெண்டு தடவை பழைய லிஸ்ட்டை ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. நாங்க எழுதுனப்ப 11 புக்குல ஒண்ணே ஒண்ணுதான் பொம்பளைங்க எழுதுனது, அதுவரைக்கும் ஒருத்தருக்கும் உறைக்கல, நர்ஸ் அக்காதான் விரல் வச்சு காட்டுனாங்க. கட்டுரை, சுயசரிதை ஒண்ணு கூட இல்ல. அதை எழுதி சுவத்துல ஒட்டி வச்சிருக்கோம், புக்கு சொல்றவங்க ஒரு தடவை அதைப் பாத்துட்டு சொல்றாங்க.

முடிவானதும் அன்னைக்கு ராத்திரியே குரூப்புல ஒரே மெசேஜ் போடுங்க, அப்புறம் போடலாம்னு விட்டா ஒரு வாரம் போயிடும், ஒரு வாரம்னா அண்ணனுக்கு 60 பக்கம். புக்கு பேரு, எழுதினவரு, மொழிபெயர்ப்புன்னா மொழிபெயர்த்தவரு, எந்தப் பதிப்பகம், எத்தனை பக்கம், என்ன விலை, எழுத்து பெருசா சின்னதா, எங்க கிடைக்கும், லைப்ரரில இருக்கா, மனசை பாதிக்கிற விஷயம் ஏதாவது வருதா, கூட்டம் என்னைக்கு, யாரு பேச்சை ஆரம்பிக்கிறது. ஆரம்பிக்கிற ஆளா போன தடவை முடிக்காதவங்கள்ல ஒருத்தரைப் போடுங்க, அவங்க சம்மதிச்சா, எங்க குரூப்புல இந்த மாசம் அது கொலுசு அண்ணன். கடைசி வரில யாரு தட்டுவடை செட்டு வாங்கிட்டு வர்றாங்கன்னு போட்டுடுங்க, ஏற்காட்டு பஸ்ஸுக்கு அக்கா கிளம்பணும், அதனால அஞ்சு மணின்னா அஞ்சு மணிக்கே எல்லாரும் மாடிக்கு வந்துடணும்னும் சேத்து போடுங்க.